பியானோக்காரரின் கடைசிப் பக்கம்

1.

“கொலைகாரன் யாருன்னு சொல்லு பார்க்கலாம்” என்றார் அவர், முன்னறையிலிருந்து.

“கை ஈரமா இருக்கு. வந்து சொல்றேன்” என்றேன்.

இந்தக் கதை அங்கேதான் பிறந்தது. கையைத் துடைத்துக்கொண்டு வந்தபோது அவர் நாற்காலியில் கண்மூடிச் சாய்ந்திருந்தார். மடியில் தாள்கள். மதிய வெயில் முழங்கால்வரை ஏறியிருந்தது. பாட்டுக் கேட்கிறார் என்று நினைத்தேன். பாட்டு எதுவும் ஓடவில்லை என்பது எனக்கு

(இந்த வாக்கியம் இப்படியே நிற்கட்டும். உங்களுக்குப் புரிந்திருக்கும்.)

2.

என் கணவர் குற்றக் கதைத் தொகுப்புகள் கொண்டுவந்தவர். பலரிடம் கதை வாங்குவார். எல்லாவற்றையும் இசையில் ஏதோ ஒன்று கோத்திருக்க வேண்டும். முதல் தொகுப்பில் கொலைகள் எல்லாம் தந்தி வாத்தியங்களைச் சுற்றி நடந்தன. அடுத்ததில் தாலாட்டுப் பாடிய ஒருவரையும் நம்ப முடியாது. கடைசிக் கதை மட்டும் அவர் எழுதுவார்.

அதற்கு எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. முடிவுக்கு முந்தைய பக்கம்வரை எழுதி எனக்கு வாசித்துக் காட்டுவார். முடிவு அவர் தலைக்குள் இருக்கும். நான் ஆளைச் சரியாகச் சொல்லிவிட்டால், அவர் ஆளை மாற்றியாக வேண்டும்.

“உனக்கே தெரிஞ்சுட்டா அப்புறம் யாருக்குத்தான் தெரியாது?”

“என்னை மக்குன்னு சொல்றீங்களா?”

“மக்குன்னா நான் ஏன் ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கறேன்?”

(தாலாட்டுத் தொகுப்பில் ஆள் மாறி மாறி, கடைசியில் பழி ஒரு தபால்காரர்மேல் விழுந்தது. பாவம், அதுவரை அந்தக் கதையில் அவர் ஒரு கடிதம்கூடக் கொடுத்ததில்லை.)

3.

இம்முறை பியானோ. கச்சேரி மேடையில் பியானோக்காரர் வாசிக்கிறார். பக்கத்தில் நின்று இசைத்தாளைத் திருப்புகிறாள் ஒருத்தி. திரைக்குப் பின்னால், பியானோவுக்குச் சுருதி சேர்த்தவர். முதல் வரிசையில் பியானோக்காரரின் மனைவி. கடைசிப் பக்கம் திரும்புவதற்குள் பியானோக்காரரின் தலை பியானோக் கட்டைகள்மேல் சாய்கிறது. தண்ணீர்க் குவளையில் விஷம். மூவரும் அதைத் தொட்டிருக்கிறார்கள்.

அவ்வளவுதான் தாளில் இருக்கிறது.

பதிப்பகம் என் நாத்தனாருடையது. காரியம் முடிந்த பிறகு வந்து உட்கார்ந்தாள்.

“அண்ணி, நீங்களே முடிச்சுடுங்க. ஒரு பக்கம்தானே? யாரையாவது பிடிச்சு உள்ள போடுங்க.”

“எனக்குத் தோணறவங்களைப் போட்டா அது சட்டப்படி தப்பு.”

“இனிமே என்ன சட்டம்? அண்ணாவே போயாச்சு” என்றாள். சொன்ன வேகத்தில் அவளே அழுதுவிட்டாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, “முடிவு இல்லாம துப்பறியும் கதை போட முடியாது. இல்லன்னா அண்ணா கதையை எடுத்துட்டுத்தான் அச்சுக்கு அனுப்பணும்” என்றாள்.

அவர் கதை இல்லாத அவர் புத்தகம். எழுத உட்கார்ந்தேன்.

4.

முதல் முயற்சி: பக்கம் திருப்புகிறவள்தான். அன்று நான் சொல்ல இருந்த பதில் அது. “அவள் விரல் நுனியைத் தாளில் வைத்தபோதே” என்று தொடங்கிப் பாதியில் நிறுத்தினேன். நான் நினைத்தது சரியென்றால் அவர் மாற்றியிருப்பார். தவறென்றால் அவள் செய்யவே இல்லை. எப்படிப் பார்த்தாலும் அவள் நிரபராதி.

இரண்டாவது: சுருதி சேர்த்தவர். “பதினேழு வருடங்களாக ஒருவரும் அவருக்குக் கைதட்டியதில்லை.” நல்ல வரிதான். ஆனால் எழுதி முடித்த கணமே எனக்கு ஆள் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்தால் மாற்ற வேண்டும்.

மூன்றாவது: மனைவி. இதை எழுதும்போது அரங்கத்துக்குள் போய்விட்டேன். இருக்கைகள் எல்லாம் காலி. விளக்குகள் தண்ணீருக்கடியில் எரிவதுபோல அசைந்தன. முதல் வரிசையில் அவள் அமைதியாக உட்கார்ந்திருந்தாள். எழுந்திருங்கள் என்றேன். “சத்தம் போடாதீங்க, அவர் கேட்டுக்கிட்டிருக்கார்” என்றாள். மேடையில் பியானோக்காரர் கட்டைகளிலிருந்து தலையைத் தூக்கி, என்னைப் பார்த்து

(அவர் கேட்டதை எழுத மாட்டேன். அவளைக் கைதுசெய்யவும் என்னால் ஆகவில்லை.)

5.

நாத்தனாரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். கதையை அப்படியே போட்டு, அடுத்த பக்கத்தை வெறுமையாக விடச் சொன்னேன். கதைக்கு முன்னால், நான் எழுதிய இந்தப் பக்கங்கள்.

“வெறும் பக்கமா? வாசகர்கள் திட்டுவாங்க அண்ணி.”

“திட்டட்டும். திட்டிக்கிட்டே யாருன்னு யோசிப்பாங்க.”

“அண்ணாவா இருந்தா இதுக்கு உங்களை என்ன சொல்லியிருப்பார் தெரியுமா?” என்றாள்.

“தெரியும். அதனால மாத்தியிருப்பார்.”

இருவரும் சிரித்தோம்.

ஆகவே, அந்தப் பக்கம் உங்களுடையது. மூவரில் ஒருவரை எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். அவர் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

நேற்று பிழை பார்க்க மெய்ப்பு வந்தது. பொருளடக்கத்தில் கடைசிப் பெயர், வழக்கம்போல, அவருடையது.