அச்சகம் தந்த முனைவர் பட்டம்

எருமப்பட்டி கோழிப்பண்ணை அதிபர் சென்னியப்பன் அவர்களின் மகள் தனப்பிரியா முனைவர் ஆனார் என்கிற வரலாற்றுச் சிறப்புமிக்க செய்தியை உலகம் எழுந்து நின்று கேட்க வேண்டும். பட்டத்தை வழங்கியது பல்கலைக்கழகம் அல்ல. நாமக்கல்லில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஓர் அச்சகம்.

தனப்பிரியாவின் தம்பி சந்தோஷ்குமாருக்குக் கல்யாணம் கூடிவந்திருந்தது. பெண் ஓமலூர்ப் பக்கம், பெயர் மதுமதி. பெண்வீட்டார் தங்கள் பத்திரிகையின் மாதிரியை வாட்ஸப்பில் அனுப்பினார்கள். அதில் பெண்ணின் அண்ணன் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ இருந்தது. பல் டாக்டர்தான். ஆனால் பல்லை அச்சிடும் வழக்கம் இல்லை.

அன்று சென்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

“ஏஞ்சாமி, நீயும் டாக்டருக்குத்தான படிக்கறே?” என்று மகளுக்குப் போன் போட்டார்.

“இன்னும் முடியலீங்கப்பா. தீசிஸ் குடுத்துட்டேன். வைவா பாக்கி. வெளியூர்ல இருந்து ஒரு புரொபசர் வந்து கேள்வி கேப்பாரு. பதில் சொன்னாத்தான் பட்டம்.”

“நீ பதில் சொல்லாம இருப்பியாக்கும்? வாயி அப்படியே உங்கம்மாளாட்ட.”

இந்தத் தேர்வு முறையிலேயே தனப்பிரியா தேறிவிட்டாள். பத்திரிகையில் ‘முனைவர்’ ஏறியது. மண்டப வாசலுக்கு அடித்த பேனரில் மாப்பிள்ளையைவிட அக்காள் பெரிதாகச் சிரித்தாள்.

அவளுடைய ஆய்வு, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவல்களில் சிற்றூர்ப் பெண்களின் இலட்சியமும் இல்லறமும் பற்றியது. அந்த நாவல்களில் பெண்கள் முதல் அத்தியாயத்தில் உலகத்தையே திருத்தக் கிளம்புவார்கள். கடைசி அத்தியாயத்தில் கல்யாணம் ஆகிவிடும். ஆகாதவர்களுக்குக் காய்ச்சல் வரும். தனப்பிரியா இதைத் தன் கல்யாணத்துக்கு முன்பு படிக்க ஆரம்பித்தாள். இரண்டு பிள்ளைகள் பெற்று, மாமனார் வீட்டில் சாம்பார் தாளித்து, ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருந்த கணவன் சிவக்குமாரின் ஆட்களுக்கு டிபன் கட்டிக்கொடுத்துவிட்டு எழுதினாள். ஒரு கட்டத்தில் நாவலைப் படிக்கிறோமா, நாவல் நம்மைப் படிக்கிறதா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

பத்திரிகை கொடுத்து முடித்த வாரத்தில் வழிகாட்டிப் பேராசிரியை இன்னாசிமேரி கூப்பிட்டார். வைவாவுக்குத் தேதி கிடைத்துவிட்டது. கல்யாணத்தன்று, முற்பகல்.

“வேற நாளே இல்லீங்களா மேடம்?”

“இந்த மாசத்தோட நான் ரிட்டயர்டும்மா. அப்புறம் உனக்குப் புது கைடு. அவங்க முதல் அத்தியாயத்துல இருந்து திருப்பி எழுதுன்னுவாங்க. யோசிச்சுக்க.”

தனப்பிரியா நன்றாக யோசித்தாள். மறுபடி முதல் அத்தியாயம் என்றால் இந்த ஜென்மத்தில் கடைசி அத்தியாயம் கிடையாது. முகூர்த்தம் விடிகாலையில், தாலி கட்டியதும் கிளம்பினால் வைவா நடக்கும் சேலத்துக்குப் போய்விடலாம். சிவக்குமாரிடம் கேட்டாள்.

“ஏனுங்க, தாலி கட்டுனதும் காரு வேணுங்க.”

“உனக்கென்ன கிறுக்கா? பேனர்ல உன்ற மூஞ்சி மாப்பிள்ளையவிடப் பெருசா இருக்குது. பொண்ணுவீட்டுக்காரங்க வந்து டாக்டரம்மா எங்கன்னு கேட்டா, டாக்டராகப் போயிருக்குதுன்னா சொல்றது?”

அம்மா ராமாயிக்கு விஷயமே விளங்கவில்லை. “அதான் பத்திரிக்கையிலயே போட்டாச்சே சாமி. அப்பறம் எதுக்குப் போயி எழுதோணும்?”

கல்யாணத்தன்று விடியும் முன்பே இணைச்சீர் நடந்தது. மாப்பிள்ளை உட்கார, கூடப்பிறந்தவள் கூறைச்சேலைக் கூடையோடு பக்கத்தில் நிற்க வேண்டும். கட்டிக்கொடுத்த பிறகும் பிறந்த வீட்டில் உனக்கு இடம் உண்டு என்று பெண்ணுக்குச் சொல்லும் சீர் அது. இடம் உண்டு; எழுந்து போகத்தான் வழியில்லை.

தாலி ஏறியது. போட்டோ ஆரம்பித்தது. சென்னியப்பன் சம்பந்தி வீட்டாரை வரிசையாக மேடைக்கு ஏற்றி, “எம்புள்ளைங்க, டாக்டரு” என்று காட்டிக்கொண்டிருந்தார். பல் டாக்டர் வந்து மரியாதையாகக் கும்பிட்டார். தனப்பிரியா சிரித்தாள். அவள் கண் மட்டும் மண்டபத்துக் கடிகாரத்தில் இருந்தது.

கழுத்து நிறைய மாலையோடு நின்ற மதுமதி மெல்லக் குனிந்தாள். “நங்கை, இன்னைக்குத்தான் உங்களுக்கு வைவாங்களாமா?” கணவனின் அக்காளை அங்கே நங்கை என்பார்கள்.

“உனக்கு யாரு சொன்னது?”

“இவருதான். சிரிச்சுக்கிட்டே சொன்னாரு.” மதுமதி போட்டோக்காரருக்காக ஒருமுறை பல்லைக் காட்டிவிட்டுத் திரும்பினாள். “நான் பெங்களூர் வேலைய விட்டுட்டு வந்து இங்க நிக்கறேனுங்க. ரெண்டு பேருமே நின்னா எப்படி? நீங்க போங்க. கேட்டா, எனக்குப் பின்னு வாங்கப் போயிருக்கீங்கன்னு சொல்லிக்கறேன்.”

தனப்பிரியா மேடையின் பின்பக்கமாக இறங்கினாள்.

பட்டுச்சேலையும் ஆரமுமாகச் சேலம் பஸ்ஸில் ஏறியவளைப் பார்த்ததும் பக்கத்து சீட்டுப் பெண்மணி தள்ளி உட்கார்ந்தாள். “தனியாவா வந்தே கண்ணு? ஊட்ல சண்டையா?”

“இல்லீங்க, பரீட்சை.”

அந்தம்மாள் நம்பவில்லை. சண்டைதான் என்று முடிவுசெய்து, இறங்கும்வரை ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அரங்கில் இன்னாசிமேரி அவளைப் பார்த்து முதலில் திகைத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டார். வெளியூர்ப் பேராசிரியர் பல கேள்விகள் கேட்டு, கடைசியாக ஒன்று கேட்டார். இந்த நாவல்களில் வில்லன் என்று சொல்ல ஆளில்லையே. பிறகு அந்தப் பெண்களை யார்தான் தடுக்கிறார்கள்?

ஆய்வேட்டில் இதற்கு ஒரு முழு அத்தியாயம் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் பலரின் மேற்கோள்களோடு இருந்தது. அதில் ஒரு வரிகூட அவளுக்கு ஞாபகம் வரவில்லை. கழுத்தில் மல்லிகை கசங்கி அரித்தது.

“யாரும் தடுக்கறதில்லைங்க சார்,” என்று ஆரம்பித்து, சுதாரித்து ஆங்கிலத்துக்கு மாறினாள். எல்லோரும் அந்தப் பெண்ணைப் பற்றிப் பெருமைப்படுகிறார்கள். அவள் படித்ததற்கு, அவளுடைய நல்ல மனதுக்கு, அவளுக்கு இருக்கும் இலட்சியத்துக்கு. பெருமைப்பட்டுப் பெருமைப்பட்டே அவளை நடு வீட்டில் உட்கார வைத்துவிடுகிறார்கள். கோபித்துக்கொண்டு எழுந்து போகக்கூட அவளுக்கு ஒரு காரணம் மிஞ்சுவதில்லை.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, “இதை ஏன் நீங்கள் எழுதவில்லை?” என்றார்.

“இன்னைக்குக் காலையிலதான் சார் தெரிஞ்சுது.”

பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்தார்கள். இன்னாசிமேரி கட்டிப்பிடித்து அழுதார்.

மண்டபத்துக்குத் திரும்பியபோது வாசல் பேனரில் அவள் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே ராமாயி வெற்றிலைத் தட்டோடு எதிரே வந்தாள்.

“எங்க சாமி போனே? பின்னு வாங்க இத்தன நேரமா?”

“அம்மா, நான் டாக்டராயிட்டேன்.”

“அதான் போன மாசமே ஆயிட்டியே. போ, கடைசிப் பந்தி நடக்குது, போய் உக்காரு.”

தனப்பிரியா போய் உட்கார்ந்தாள். பாயசம் தீர்ந்திருந்தது.