எப்போதும் பூத்திருக்கும் தீவுக்கு ஸ்லாத்தினா போகலாமா

1

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாக வந்தது. பல்கேரியாவில், டான்யூப் கரையில், ரூசே நகரத்துப் பழைய அடுக்குமாடியின் சுவர்களுக்கு ரகசியம் காக்கத் தெரியாது. பிப்ரவரி மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் பக்கத்து வீட்டுக் கமென், "நான் அங்க வெந்தே செத்துருவேன்!" என்று கத்த, நான் பேனாவை எடுத்துவிட்டேன். எழுதுகிறவனுக்கு வெட்கம் ஏது?

முதல் தொடக்கம் இப்படி வந்தது:

'ஸ்லாத்தினா ஜன்னலோரம் நின்று, உறைந்த ஆற்றைப் பார்த்தபடி, தன் வாழ்நாள் கனவான நீலக்கடலை…'

[வேண்டாம். ஸ்லாத்தினா ஜன்னலோரம் நின்று ஏங்குகிற ஆள் இல்லை. ஆறும் உறையவில்லை.]

இரண்டாவது: 'சாயங்காலம் ஆறு மணிக்குள் பதில் சொல்ல வேண்டும்.' இது தேவலை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

சாயங்காலம் ஆறு மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். மார்ச் இரண்டாம் தேதி விமானத்தில் இரண்டு இடங்களை டிராவல் ஏஜென்சிப் பெண் பிடித்து வைத்திருந்தாள். இந்தியப் பெருங்கடலில் ஒரு தீவு. (பெயரை எழுத மாட்டேன். எழுதினால் கதையை விட்டுவிட்டுப் படம் தேடப் போய்விடுவீர்கள்.)

கமெனின் மனைவி ஸ்லாத்தினாவுக்கு* வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஊருக்கெல்லாம் குழாய் வழியாகச் சூடு அனுப்பும் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கல்யாணமான வருடத்திலிருந்து தென்னைமரத் தீவு ஒன்று அவள் மனசில் கிடந்தது. வருடா வருடம் "அடுத்த வருஷம்" என்பாள். வருடா வருடம் கமென் அவளை அதே மலைக்கு, அதே வெந்நீர் ஊற்றுக்கு அழைத்துப் போவான்.

(* நேரில் அவள் எனக்கு அக்கா, அவன் அண்ணன். கதைக்குள் வந்துவிட்டால் எல்லோரும் அவள், அவன்தான்.)

"ஒத்துக்குமா ஒத்துக்காதான்னு தெரியாம எப்படிப் போறது?" என்றான் கமென். "அரை மணி வெயில்ல நின்னா நான் தக்காளி ஆயிருவேன்."

"ஆனா என்ன? தக்காளியாவது சாலட்டுக்கு ஆகும்."

பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

"தம்பி, நீ அந்தச் சூட்டுல பொறந்தவன். சொல்லு, எங்களுக்குச் சரிப்படுமா?"

"அக்கா, எங்க ஊர்ல லீவு போட்டுட்டு வெயிலத் தேடி யாரும் போகமாட்டாங்க. தப்பிச்சு ஓடத்தான் பாப்பாங்க."

"இத்தன வருஷமா இங்க இருக்க, ஒன்னால ஒரு உபகாரம் உண்டா?"

அடுத்த நிமிடமே அவள் முகம் பளிச்சென்றது. "ஒத்திகை பாத்துருவோம்!"

3

எனக்குக் கை பரபரக்கிறது. இந்த இடத்தை எழுதத்தான் இத்தனை நேரம் காத்திருந்தேன்.

வீட்டைச் சூடாக்கும் எல்லா ரேடியேட்டர்களையும் முழுதாகத் திருப்பினாள். அடுப்பு நான்கிலும் பானை பானையாகத் தண்ணீர் கொதித்தது. கதவுகளில் ஈரப் போர்வைகள். டப்பா அன்னாசி. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டாள், அதுதான் கடல். பிறகு இருவரும் நீச்சல் உடையில், கூடத்தில், மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். சாட்சிக்கு நான், கம்பளிச் சட்டையோடு.

கொஞ்ச நேரம் கமென் முனகினான். பிறகு காலை நீட்டினான். பிறகு பழச்சாராயப் புட்டியைக் காட்டி, "அந்த ரக்கியாவ இந்தப் பக்கம் தள்ளு. இது நல்லாத்தான்டா இருக்கு!" என்றான்.

ஸ்லாத்தினாவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. பானையைப் பார்த்தாள். போர்வையைத் திருப்பிப் போட்டாள். ஆவி படிந்த கண்ணாடியைத் துடைத்து வெளியே பனியைப் பார்த்தாள்.

"இப்ப என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யக் கூடாது. அதுக்குத்தானே போறது!"

[இங்கே எனக்கே அவள்மேல் சந்தேகம் வந்துவிட்டது. நாற்பது வருட ஆசை ஒரு மதியத்தில் கசக்குமா? அவள் சொக்கிப்போனதாக மாற்றி எழுதினேன். அவள் மொழியில் சொல்லிக் காட்டியதும், "பொய் எழுதுன, கைய ஒடிச்சிருவேன்" என்றாள். பழையபடி மாற்றிவிட்டேன்.]

அவள் குழாயை மூடினாள். கடல் நின்றது.

"அங்க எப்பவும் மரம் பூத்துக்கிட்டே இருக்குமாமே," என்றாள். "மார்த்தெனிட்சாவ எப்பக் கழட்டுறது?"

மார்ச் முதல் தேதி ஒருவர் கையில் ஒருவர் கட்டிவிடும் சிவப்பு வெள்ளை நூல் அது. நாரையையோ பூத்த மரத்தையோ கண்டதும் கழற்றிக் கிளையில் கட்ட வேண்டும். ஸ்லாத்தினா பூவை நம்புவதில்லை. நாலு நாள் வெயிலடித்தால் பிளம் மரம் ஏமாந்து பூத்துவிடும், அடுத்த வாரமே பனி கொட்டும் என்பாள். அவளுக்கு நாரைதான் கணக்கு. தெருமுனைக் கம்பத்துக் கூட்டில் அது வந்து இறங்கும்வரை தினமும் அண்ணாந்து பார்ப்பாள்.

"இறங்குன ஒடனே கழட்டு," என்றான் கமென். "பூவப் பாரு, கழட்டு. வசந்தம் முடிஞ்சுது, வா நீந்தலாம்."

அவள் சிரிக்கவில்லை. "வசந்தத்த விட அதுக்குக் காத்திருக்கறதுதான் எனக்குப் பிடிக்குமோ என்னமோ. அந்தத் தீவும் அப்படித்தானோ? போயிட்டா அப்புறம் என்ன இருக்கு எனக்கு? பயமா இருக்குடா கமென்."

கமென் எழுந்து, வியர்த்த கையால் அவள் கையைப் பிடித்தான். "நாப்பது வருஷம் காத்திருந்துட்ட. பத்தாதா?"

4

முடிவு ஒன்று: போகவில்லை. மறுபடி மலை, மறுபடி வெந்நீர். [எழுதிப் பார்த்தேன். என்னையே நான் ஏமாற்றிய மாதிரி இருந்தது.]

முடிவு இரண்டு: போகிறாள், அலைநுரையில் வெறுங்காலோடு ஆடுகிறாள், புதுப் பெண்ணாகத் திரும்பு… [விளம்பரம்.]

நடந்ததைச் சொல்கிறேன். ஆறு அடிக்கச் சற்று முன் அவள் போனை எடுத்தாள். தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள். இங்கே அதற்கு ஆமாம் என்று பொருள். நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. "வர்றோம்! ரெண்டு பேரும் வர்றோம்!" என்று கத்தினாள். நான் துள்ளிக் குதித்து அன்னாசித் தட்டைக் கவிழ்த்துவிட்டேன்.

5

மார்ச் முதல் தேதி என் கையில் நூலைக் கட்டி, "நாரை வந்தா சொல்லு" என்றாள். மறுநாள் கிளம்பிவிட்டார்கள். கதை முடிந்ததென்று நினைத்தேன்.

இப்போது, இந்தப் பத்தியை எழுதும்போதே, போன்.

"தம்பி, கேக்குதா? கொழாய் இல்ல, நெசக் கடல்!" அவள் குரல் இருபது வயதுக் குரலாக இருக்கிறது. "கமென் விமான நிலைய வாசல்லயே கழட்டி மரத்துல கட்டிட்டான். இப்ப மண்ணுல கெடக்கறான், தக்காளியேதான்! நான் ஒரு மரத்தடியில நிக்கறேன். உச்சி வரைக்கும் பூ. பூவ நம்பலாமாடா? இங்க பனி வந்து ஏமாத்தாதே. கழட்டட்டுமா? எழுதறவன் நீதானே, சொல்லு!"

இங்கே பனி பெய்கிறது. கம்பத்துக் கூடு காலி. 'அவள் கழற்றினாள்' என்று எழுதினேன். கீழேயே 'அவள் கழற்றவில்லை' என்றும் எழுதினேன். எதை அடிக்கவும் மனசு வரவில்லை. என் மணிக்கட்டிலும் அவள் கட்டிய நூல் இருக்கிறது, நான் நியாயமாகத் தீர்ப்புச் சொல்லக்கூடிய ஆள் இல்லை.

"சீக்கிரம்! கமென் தண்ணிக்குக் கூப்புடறான்!"

போனை உங்கள் பக்கம் நீட்டுகிறேன். ஸ்லாத்தினா லைனில்தான் இருக்கிறாள், விரல் முடிச்சின்மேல் இருக்கிறது. பேசுங்கள்.