கோணிப்போன ஊஞ்சல்

1

இந்தக் கதை திருட்டுச் சரக்கு. சொந்தக்காரி என் தங்கை. பொறியியல் நிறுவனம் ஒன்றின் வளாகத்துக்குள் இருக்கும் கலைக்கூடத்தில் காப்பாளர். "அண்ணா, எழுதினா எழுது. கண்ணு, காது, மூக்கு மட்டும் ஒட்டவைக்காதே" என்றாள்.

'மௌனத்தின் இரும்பு நிழலில்...' என்று ஆரம்பித்தேன். (அடித்துவிட்டேன். இரும்பைத் தட்டினால் ஊருக்கே கேட்கும்.)

2

கூடத்தின் நடுவில் இருபத்திரண்டு வருடங்களாக ஒரு சிற்பம் நிற்கிறது. சாய்ந்த சட்டம், அதில் தொங்கும் தகடு. பக்கத்துப் பலகையில், கலைஞர்: தெரியவில்லை. தலைப்பு: 'தனிமை'. பேராசிரியர் ஒருவர் அதைப் பற்றி நாற்பது பக்கம் எழுதியிருக்கிறார்.

ஒருநாள் மழைக்கு ஒதுங்கினார், நிறுவனத்தின் பட்டறையிலிருந்து ஓய்வுபெற்ற வெல்டர். சிற்பத்தைப் பார்த்தவுடன் சிரித்துவிட்டார்.

"மேடம், இது எங்க பாப்பாவுக்கு நான் செஞ்ச ஊஞ்சல். சூட்டுல கோணிப்போச்சு. வெட்கப்பட்டு உங்க பின்வாசல்ல போட்டுட்டுப் போயிட்டேன். யாரு உள்ள தூக்கி வச்சாங்க?"

தங்கை அவர் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். (இங்கே அவளை இரண்டு பக்கம் தவிக்கவிட்டிருந்தேன். படித்துவிட்டு, "நான் அவ்வளவெல்லாம் யோசிக்கலைண்ணா" என்றாள். நீக்கிவிட்டேன்.) மறுநாளே கலைக்கூடக் குழுவிடம் சொன்னாள்.

3

"அப்போ இது கலையே இல்லையேம்மா. பழைய இரும்புக்குப் போட்டுடலாமா?" என்றார் நிறுவன இயக்குநர்.

"இத்தனை வருஷமா எல்லாரும் இது முன்னாடி நின்னுட்டுத்தானே சார் போனாங்க? அது பொய்யா? செஞ்சவர் பேர் தெரியாம இருந்துச்சு. இப்ப தெரிஞ்சுடுச்சு. அவ்வளவுதான்."

எல்லோரும் குழுவில் இருந்த பேராசிரியரைப் பார்த்தார்கள். (அவரை வில்லனாக்க ஆசைப்பட்டேன். மனிதர் இடம் கொடுக்கவில்லை.) "தனிமைன்னு பேர் வச்சதே நான்தான். நாற்பது பக்கத்தையும் திருத்தி எழுதிடறேன்" என்றார்.

பலகையில் வெல்டரின் பெயர் ஏறியது. 'தனிமை' அடிபட்டு 'ஊஞ்சல்' ஆனது.

4

வெள்ளிக்கிழமை வெல்டர் தன் மகளைக் கூட்டிவந்தார். பாப்பாவுக்கு இப்போது இருபத்தெட்டு வயது. அப்பாவின் பெயரை இரண்டு தடவை வாசித்தாள்.

"ஊஞ்சல் கேட்டு எவ்வளவு அழுதேன்! நீங்க செய்யவே இல்லைன்னுல்லப்பா நினைச்சிட்டிருந்தேன்."

"செஞ்சேன்மா. வீட்டுக்குக் கொண்டுவரத்தான் தைரியம் வரலை."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் தகட்டைப் பார்த்தாள். 'தொடாதீர்கள்' அட்டையைப் பார்த்தாள். பிறகு என் தங்கையைப் பார்த்தாள். "மேடம், ஒரே ஒரு தடவை..."

தங்கை என்ன பதில் சொன்னாள் என்று எனக்குச் சொல்லவில்லை. சொன்னால் வேலைக்கு ஆபத்தாம். கூடத்தின் காவலர் மட்டும் அந்நேரம் பார்த்து ஜன்னல் பக்கம் திரும்பி, துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாராம். மீதியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

(பாரம் தாங்குமா என்று தயங்க வேண்டாம். வெல்டரிடமே கேட்டுவிட்டேன். "கோணல்தான் சார். ஆனா பத்துப் பேரைத் தாங்கும்.")