முழு ஜாடி

பழங்காலச் சீனப் பீங்கான் சூளைகள் இருந்த எங்கள் சிங்தெஜென் ஊரில் எங்கே தோண்டினாலும் பீங்கான் சில்லு வரும். பான் யோங்ஃபூ தன் வீட்டில் சாக்கடைக் குழாய்க்குப் பள்ளம் தோண்டியபோது மட்டும் ஒரு முழு ஜாடி வந்தது. பூவில்லை, பறவையில்லை. உடம்பெல்லாம் ஒரே ஆழ்ந்த நீலம். செங்கல் வண்டி தள்ளும் யோங்ஃபூ இருமுறை கை கழுவிவிட்டுத்தான் அதைத் தூக்கினார். தன் பஞ்சுக் கோட்டில் சுற்றி அருங்காட்சியகத்துக்கு எடுத்துப்போனார்.

அங்கே நிபுணர் லியாவ் அடியைத் திருப்பிப் பார்த்தார்.

“பான் அண்ணே, அரண்மனைச் சூளையில நல்லா வந்ததெல்லாம் ராஜாவுக்குன்னு பெய்ஜிங் போயிடுச்சு. மாசு பட்டதை அங்கயே உடைச்சுப் புதைச்சுட்டாங்க. முழுசா ஒண்ணு உங்க வீட்டடியில எப்படி இருக்கும்? எவனோ செஞ்ச போலி.”

“என் கையால தோண்டினேன் ஐயா!”

“வர்றவங்க எல்லாரும் இதையேதான் சொல்றாங்க.” போலி என்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்.

“போலிக்கு எதுக்குக் கோட்டு?” என்று மனைவி குய்ஜென் கோட்டை உருவிவிட்டு, ஜாடியில் உப்பு முள்ளங்கியைப் போட்டு அலமாரியில் வைத்தாள். சாப்பிடும்போதெல்லாம் யோங்ஃபூவின் கண் அங்கேயே போகும்.

“அழகாத்தானே இருக்கு?”

“கஞ்சி ஆறுது, குடிங்க.”

வசந்தத்தில் ஒருநாள் கோழி அலமாரிமேல் பறந்தது. ஜாடி ஒன்பது துண்டானது. யோங்ஃபூ அன்று வேலைக்குப் போகவில்லை. குய்ஜென் துண்டுகளை வாசல் குப்பையில் கொட்டினாள்.

அந்த வாரமே பழைய சூளை நிலத்தை அளக்க லியாவ் எங்கள் தெருவுக்கு வந்தார். குப்பையில் நீலத் துண்டுகளைக் கண்டதும் மண்டியிட்டுவிட்டார். உடைந்த விளிம்பை உருப்பெருக்கியில் பார்த்தார்.

“இந்த மண்ணைப் பாருங்க! ஐந்நூறு வருஷம்! அசல்!”

“அதே ஜாடிதான் ஐயா. கோழி உடைச்சிருச்சு,” என்றார் யோங்ஃபூ.

“விளையாடாதீங்க. அது போலி. நானே எழுதிக் கொடுத்திருக்கேனே!”

“முள்ளங்கி வாசனை அடிக்குதே, அதுவும் ஐந்நூறு வருஷமா?” என்றாள் குய்ஜென்.

லியாவ் காதில் அது விழவில்லை. துண்டுகளைத் தன் கைக்குட்டையில் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

இலையுதிர்காலத்தில், ஒட்டிய ஜாடியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத் திறப்பு விழா நடத்தினார்கள். யோங்ஃபூவுக்கு ஒரு பாராட்டுப் பத்திரமும் வெந்நீர்க் குடுவையும் கிடைத்தன. லியாவ் அவர் தோளில் கைபோட்டுப் பெருமூச்சு விட்டார்.

“ஒரேயொரு குறைதான் பான் அண்ணே. இது மட்டும் முழுசாக் கிடைச்சிருந்தா!”

யோங்ஃபூ வாயைத் திறந்தார். குய்ஜென் அவர் காலை நன்றாக மிதித்தாள்.

“ஆமாங்க ஐயா,” என்றார் அவர்.