அட்வான்ஸ் வாங்கியாச்சு

"சார், அந்த முதல் மாடி வீட்டை எனக்கே குடுங்க."

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று இரண்டு பேர் எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஒருத்தி என் அம்மா. "அந்தத் தெருவுக்கு வேலைக்குப் போகலாம்டி, குடி போகக் கூடாது" என்பாள். இன்னொருவர் நான் வேலை பார்க்கும் வீட்டுத் தரகு அலுவலகத்தில் என் பக்கத்து மேஜைக்காரர். வாயை மூடவே மாட்டார் என்பதால் அவருக்கு ரேடியோ என்று பெயர். நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்: "இங்க லீவு கேளு, சம்பள உயர்வு கேளு. கிடைக்காது, ஆனா கேக்கலாம். வீடு மட்டும் கேட்டுடாதம்மா. நகைக்கடையில நிக்கிற பொண்ணு கழுத்துல போட்டுக் காட்டலாம், போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போக முடியுமா?"

எங்கள் முதலாளி சார் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை.

"அடடா, அதுக்கு நேத்துத்தாம்மா அட்வான்ஸ் வாங்கினோம். கொஞ்சம் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா?"

ரேடியோவுக்குத் தேநீர் புரையேறியது.

எனக்குச் சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை. ஏனென்றால் அது என் வசனம். எங்கள் தொழிலில் யாருக்கும் வீடு இல்லை என்று சொல்லக் கூடாது. கல்யாணமாகாதவன், புருஷனைப் பிரிந்தவள், பேச்சிலோ செருப்பிலோ ஏதோ ஒன்று இந்தத் தெருவுக்குப் பொருந்தாதவர்கள், இப்படி ஓனர்களுக்குப் பிடிக்காத பார்ட்டி யார் வந்தாலும் "நேத்துத்தான் அட்வான்ஸ் வாங்கினோம்" என்று சொல்லிவிட வேண்டும். முன்னால் ஒரு "அடடா" போட வேண்டும். அந்த அடடாவைச் சரியாகச் சொல்லக் கற்றுத் தந்தவர் சார். அதை அவரைவிட நன்றாகச் சொல்பவள் நான். வீடு எனக்கே கைவிட்டுப் போன மாதிரி இருக்கும் என் குரல். சிலர் எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்கள்.

"சார், சாவி என் தலைக்கு மேல ஆணியில தொங்குது. காலையில நான்தான் போய் ஜன்னலைத் திறந்து வெச்சு, குழாயை ஓடவிட்டு வந்தேன். யாரு அட்வான்ஸ் குடுத்தது, கரப்பான் பூச்சியா?"

அப்போதுதான் நிமிர்ந்தார். முகம் சிவந்துவிட்டது.

"வாய் தவறி வந்துடுச்சும்மா. பழக்கதோஷம்."

"என்னைப் பார்த்ததும் அந்தப் பழக்கம் ஏன் சார் வந்துச்சு?"

மறுபடியும் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். வாடகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். சம்பளமும் கமிஷனும் தருவது அவர்தானே, என்னால் கட்ட முடியும் என்று அவருக்குத் தெரியும்.

அரண்மனை ஒன்றும் இல்லை அது. கட்டடத்தின் பின்பக்கம், இரண்டே அறை, பால்கனி கிடையாது. வருகிற பார்ட்டியெல்லாம் கதவைத் திறந்ததும் பால்கனி எங்கே என்று தேடிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அடுக்களை மேடையில் விழும் காலை வெயிலை யாரும் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். அந்த மேடையில் கையை ஊன்றி நின்று, இங்கிருந்து தெருவைக் கடந்தால் அம்மா வேலை செய்யும் வீடு என்று நினைத்திருக்கிறேன். எதிர்க் கட்டடத்தில் ஒரு டாக்டர் வீட்டில் அம்மா சமைக்கிறாள். இப்போது இரண்டு பஸ் மாறி, நின்றுகொண்டே வருகிறாள். ராத்திரி திரும்பும்போது முழங்கால் இரண்டும் பன் மாதிரி வீங்கியிருக்கும்.

"ஓனரம்மா இப்ப வருவாங்க. அவங்க சரின்னா எனக்கென்ன" என்றார் சார். பந்தை ஓனரம்மா பக்கம் தட்டிவிட்டார்.

ஓனரம்மா வந்தார். அவருக்கு என்னைப் பிடிக்கும், பொய் சொல்லக் கூடாது. அவருடைய வீட்டை அவரைவிட நான் நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்பவர். நான் வாயைத் திறப்பதற்குள் சார் இழுத்து இழுத்து விஷயத்தைச் சொன்னார்.

"இவளுக்கா? இவளுக்குக் குடுக்காம யாருக்குக் குடுக்கப் போறேன்?" என்று என் தோளைத் தட்டினார் ஓனரம்மா. "படிச்ச பொண்ணு, பொறுப்பான பொண்ணு. கூட யாரும்மா இருக்காங்க?"

"அம்மா மட்டும்தான்."

"அம்மா என்ன பண்றாங்க?"

"சமையல் வேலை. உங்க எதிர் பில்டிங்ல, டாக்டர் வீட்டுல."

தோளிலிருந்த கை இறங்கியது. இறங்கிய கைக்கு வேலை வேண்டுமே, கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"யாரு, பச்சைக் குடை பிடிச்சுட்டு வருவாங்களே, அவங்களா? ரொம்ப நல்லவங்க. நான் தப்பா சொல்லல. ஆனா பாரும்மா, அந்த டாக்டர் பொண்டாட்டி தினம் எங்க வீட்டுக்கு வர்றவ. தன் வீட்டு சமையக்காரம்மா எங்க பில்டிங்ல குடியிருக்காங்கன்னா அவளுக்கு ஒரு மாதிரி இருக்காதா? அசோசியேஷன்ல வேற கேப்பாங்க."

"வாடகை நான் குடுக்கறேன். அவங்களுக்கு என்ன ஒரு மாதிரி?"

"கோபப்படாத. ஒரு வழி இருக்கு." குரலைத் தாழ்த்தினார். உண்மையிலேயே எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார், அதுதான் கொடுமை. "அக்ரிமெண்ட்ல உன் பேரை மட்டும் போடுவோம். அம்மா உன் வீட்டுலயும் சமைக்கறாங்கன்னு வெளிய சொல்லிக்கலாம். கூடவே தங்கி வேலை செய்யறாங்கன்னு. யாருக்கு என்ன தெரியப் போகுது?"

சார் நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார். "பார்த்தியா, மேடம் எவ்வளவு பெரிய மனசு பண்றாங்க! முடிஞ்சுது போ. ரேடியோ, அக்ரிமெண்ட் பேப்பரை எடுப்பா."

ரேடியோ எடுக்கவில்லை. தேநீர் டம்ளரைத்தான் எடுத்தார்.

உடனே மறுத்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. மறுக்கவில்லை. அந்த வெயில் கண்ணுக்குள் வந்தது. அந்த முழங்கால் வந்தது. கொஞ்சம் இருங்க என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் போய் அம்மாவுக்குப் போன் போட்டேன். பின்னால் அடுப்புச் சத்தம். டாக்டர் வீட்டில் போன் பேசக் கூடாது என்பதால் கிசுகிசுவென்று பேசினாள். ஓனரம்மா சொன்னதை அப்படியே சொன்னேன்.

அம்மா சிரித்தாள். "உனக்கு சமையக்காரியா? சம்பளம் என்ன தருவ? ஞாயித்துக்கிழமை லீவு வேணும், இப்பவே சொல்லிட்டேன்."

"அம்மா, விளையாடாத."

"விளையாடலடி. ஒத்துக்கோ. எங்க சமைச்சாலும் அடுப்புதானே. பஸ் மிச்சம்." எதையோ தாளித்துக் கொட்டினாள். பிறகு, "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். வீட்டுக்கு யாராவது வந்தா நான் நாற்காலியில உக்காந்திருக்கலாமா, இல்ல எழுந்து உள்ள போயிடணுமா?"

குத்தலாகக் கேட்கவில்லை. எந்தப் புது வீட்டில் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் நாள் கேட்பாளே, குடிக்கிற தண்ணி எங்கே, செருப்பை எங்கே விடணும் என்று, அதே குரல். வேலையின் விவரத்தைத் தெரிந்துகொள்கிறாள். என்னிடம்.

"நீ உக்காரு. உக்காந்தே இரு" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

உள்ளே வந்தேன். பேப்பர் மேஜையில் இருந்தது. சாரே எடுத்து வைத்திருப்பார்.

"எனக்கு இந்த வீடு வேணாம்மா."

ஓனரம்மாவுக்குப் புரியவில்லை. "ஏம்மா? குடுக்கறேன்னுதானே சொல்றேன்!"

"எனக்குக் குடுக்கறீங்க. எங்கம்மாவுக்குக் குடுக்கல. எங்க வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்ச முத ஆள் நான். ஃபீஸ் கட்டுனது அவங்க, இந்தத் தெருவுல கரண்டி பிடிச்சு. அவங்களை என் வேலைக்காரின்னு சொல்றதுக்கு நான் எந்தப் பாடமும் படிக்கல."

"ஒரு பேச்சுக்குத்தானேம்மா..."

"பேச்சுக்குத்தானே? அப்ப டாக்டர் பொண்டாட்டிகிட்ட உங்க அம்மாவை ஆயான்னு ஒரு பேச்சுக்குச் சொல்லிட்டு வாங்க."

"ஏய்!" என்றார் சார். "வாயை அடக்கு. பார்ட்டிகிட்ட பேசற பேச்சா இது? வேலையில இருக்கணுமா வேணாமா?"

"வேணாம் சார். அடடான்னு சொல்ல வேற ஆள் பாத்துக்கோங்க."

கைப்பையை எடுத்தேன். "வெயில் ஏறிடுச்சு, ஓரமா நடந்து போம்மா" என்றார் ரேடியோ.

இந்தப் பகுதியில் எந்த வீடு காலியாக இருக்கிறது, எந்த டு-லெட் போர்டு துருப்பிடிக்கிற வரை தொங்குகிறது, எந்த ஓனர் எந்த வேளையில் வீட்டில் இருப்பார், எல்லாம் எனக்கு அத்துப்படி. மத்தியானச் சமையல் முடிந்தால் அம்மாவுக்குச் சாயங்காலம் வரை ஓய்வு. அவளைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு வாசலாக ஏறப் போகிறேன். இவங்க எங்கம்மா, இந்தத் தெருவுலதான் சமைக்கறாங்க, நாங்க ரெண்டு பேரும் குடிவர வீடு வேணும். இதை முகத்துக்கு நேரே கேட்கப் போகிறேன். இல்லை என்றால் அவர்களும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லட்டும். எனக்காக யாரும் அடடா சொல்ல வேண்டாம்.

"நில்லும்மா, உக்காந்து பேசுவோம்" என்று ஓனரம்மா பின்னால் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கதவைத் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கினேன்.