மூன்றாம் மாடியில் ஒருவர் குறைவு

கணபதி பகுதியில் இருந்த அந்தப் பம்ப் கம்பெனியில் யார் வேலையை விட்டுப் போனாலும், அவருடைய பயனர் கணக்கு முடக்கப்பட்டு மூன்றாம் மாடியில் உட்கார வைக்கப்படும். ஆள் வீட்டுக்குப் போய்விடுவார். கணக்கு போகாது. கம்பெனியில் கொடுத்திருந்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோவின் முகத்தோடு, கழுத்துக்குக் கீழே சற்று மங்கலாக, சுவரைப் பார்த்தபடி நாற்காலியில் இருக்கும்.

அழித்துவிடவும் முடியாது. கம்பெனியின் வேலையெல்லாம் கிளவுட் சாஃப்ட்வேரில் நடந்தது. அதில் ஒவ்வொரு பொருளும் அதை வாங்க ஒப்புதல் கொடுத்தவர் பெயரில் நின்றது. ஒருமுறை அவசரப்பட்டு ஒரு கணக்கை அழித்ததில், அவர் வாங்கிய பதினொரு மோட்டார்கள் தங்களை இங்கே யாரும் கூப்பிடவில்லை என்று கேட்டைத் தாண்டிப் போய்விட்டன. அதிலிருந்து முடக்குவதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

முடக்கப்பட்ட கணக்குகளைப் பற்றி மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். அது ஐடி பிரிவில் இருந்த நவமணியின் வேலை. பட்டியலை அச்சடித்து எடுத்துக்கொண்டு மாடியேறி, ஒவ்வொரு கணக்கின் முன்னாலும் நின்று டிக் அடிப்பாள். அவளுக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்த தேவசகாயத்தின் அறிக்கையில் ஒரு கணக்கு குறைந்து, அவர் வேலை போயிற்று. இப்போது அவருடைய கணக்கு ஜன்னலோரம் மூன்றாவது நாற்காலியில் இருந்தது. அங்கே மட்டும் நவமணி கொஞ்சம் மெதுவாக டிக் அடிப்பாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பட்டியலில் இருநூற்றுப் பதினான்கு பெயர்கள் இருந்தன. மாடியில் இருநூற்றுப் பதின்மூன்று கணக்குகள்தான். மூன்று முறை எண்ணிப் பார்த்தாள். கொள்முதல் பிரிவில் போன மார்ச்சில் ஓய்வு பெற்ற குப்புராஜின் நாற்காலி காலியாக இருந்தது. ஆடிட்டர் மறுநாள் காலை பத்து மணிக்கு வருகிறார்.

வாட்ச்மேன் எட்டியப்பனிடம் விசாரித்தாள். சனிக்கிழமை மத்தியானம் இறங்கி வந்தது, வீட்டுக்குத்தான் போகிறதென்று விட்டுவிட்டேன் என்றார். உள்ளே வரத்தான் அட்டை வேண்டும், வெளியே போக ஒன்றும் வேண்டியதில்லை. அது சரிதான் என்று நவமணிக்கும் பட்டது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு வடவள்ளி பஸ் ஏறினாள்.

குப்புராஜ் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமையிலிருந்து பெரும்பாலும் இங்கேதான் இருப்பதாகச் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, நேற்று மழை பெய்தது என்பதைப் போலச் சொன்னார்.

உள்ளே அவருடைய மனைவி கஸ்தூரி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எதிரே கணக்கு உட்கார்ந்திருந்தது. இருபத்தாறு வயது முகம், கறுகறுவென்ற மீசை. ஆபீசில் போட்டோ கேட்ட அன்று குப்புராஜின் பர்சில் கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோது எடுத்த ஒன்றுதான் இருந்ததாம்.

முடக்கப்பட்ட கணக்குக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் பேச வரும். சாம்பார் வைக்கட்டுமா, ரசம் வைக்கட்டுமா என்று கஸ்தூரி கேட்டார்.

"உங்கள் நிர்வாகியை அணுகவும்" என்றது கணக்கு.

கஸ்தூரி நவமணியைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களா அம்மணி? இந்த வீட்டுக்கு நிர்வாகி நான்தானுங்களே. இவரு முப்பத்தாறு வருசத்துல ஒரு நாள் இப்படிச் சொன்னதில்லீங்க."

அதைத் திருப்பி அனுப்ப முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். சாமானை ஒரு இடத்தில் வைத்தால் வைத்த இடத்தில் இருக்கிறது, கடைக்காரனிடம் வம்பு வளர்ப்பதில்லை, நியூஸ் சேனலுக்கு மாற்றச் சொல்வதில்லை. நவமணி தன் வேலை போய்விடும் என்பதைச் சொன்னாள். தேவசகாயத்தைப் பற்றியும் சொன்னாள். கஸ்தூரிக்குப் பாவமாகத்தான் இருந்தது. காபி போட்டுக் கொடுத்தார்.

இதையெல்லாம் வாசலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த குப்புராஜ் எழுந்து வந்து, எண்ணுவது தலையைத்தான் என்றால் தான் வந்து உட்காருகிறேன் என்றார். கஸ்தூரி மறுநாளைக்கு டிபன் பாக்ஸை எடுத்துக் கழுவினார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். கையில் டிபன் பாக்ஸ், சட்டைப் பையில் பிரஷர் மாத்திரை. வழி நெடுக அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பழகினாராம். அட்டையில்லாத அவரை நவமணிதான் தன் அட்டையைக் காட்டி உள்ளே அழைத்துப்போனாள்.

ஆடிட்டர் பத்மலோசனி ஒவ்வொரு கணக்கையும் ஒரு கேள்வி கேட்டுச் சோதித்தபடி வந்தார். எல்லாம் அந்த ஒரே பதிலைச் சொல்லின. குப்புராஜின் முன்னால் வந்ததும் பட்டியலில் இருந்த போட்டோவைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். மீசை ஏன் வெளுத்திருக்கிறது என்று கேட்டார். இது மேற்கு வெயில் அடிக்கிற இடம் என்றாள் நவமணி. ஆடிட்டர் குறிப்பில் 'வெயில்' என்று எழுதிக்கொண்டார்.

பிறகு குப்புராஜிடம், "நூறு மோட்டார் வாங்கணும். ஒப்புதல் தர முடியுமா?" என்று கேட்டார்.

குப்புராஜுக்கு வாக்கியம் மறந்துவிட்டது. முப்பத்தொரு வருடம் மோட்டார் வாங்கியவர். எந்தக் கம்பெனி, எத்தனை குதிரைத்திறன் என்று கேட்க அவருடைய உதடு பிரிந்ததை நவமணி பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார். அப்புறம் தணிந்த குரலில் சொன்னார்:

"என்கிட்ட இப்பெல்லாம் யாரும் எதையும் கேக்கறதில்லீங்க."

ஆடிட்டர் பேனாவை மாற்றினார். முடக்கம் முழுமையாக நடந்திருப்பது இந்த ஒன்றில்தான் என்று சொல்லி, சிவப்பு மையில் டிக் அடித்தார். மதியத்துக்குள் எல்லாக் கணக்கையும் பார்த்து முடித்து, அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

நவமணி தன் இடத்துக்குப் போகவில்லை. காலியாக இருந்த ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, தரை மோட்டாருக்கும் நீர்மூழ்கி மோட்டாருக்கும் என்ன வித்தியாசம் என்று குப்புராஜிடம் கேட்டாள். அவர் சாயங்காலம் வரை சொன்னார். பக்கத்து நாற்காலிக் கணக்குகள் இரண்டு தலையைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தன.

ஐந்தரை மணிக்கு அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது படிக்கட்டைக் காணோம். அது இருந்த இடத்தில் சுவரில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. படிக்கட்டு பொள்ளாச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருப்பதாகவும், காலை எட்டு மணிக்குத் திரும்பிவிடுவதாகவும் எழுதியிருந்தது. நவமணி வீட்டுக்குப் போன் செய்து, வர முடியாது, மாவைப் பிரிட்ஜில் எடுத்து வைக்கச் சொன்னாள். பிறகு குப்புராஜிடம், முகூர்த்தம் காலையில்தான் என்றால் எட்டு மணிக்கு எப்படித் திரும்ப முடியும் என்று கேட்டாள்.

"ரிசப்ஷன் மட்டும் பாத்துட்டு வந்துருமுங்க" என்றார் குப்புராஜ்.