ஆறாவது காஜா

அந்தத் தையற்கடையில் எல்லாரும் அவளை 'காலேஜ்' என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்தோரு வயதில் கணினி அறிவியல் மேற்படிப்புக்கு நுழைவுத்தேர்வு எழுதப்போவதாகத் தெரியாத்தனமாக ஒருநாள் வாயைவிட்டதால் வந்த பெயர். விண்ணப்பம் அனுப்ப இன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. எல்லாவற்றையும் நிரப்பி போனில் வைத்திருக்கிறாள். 'அனுப்பு' என்பதைத் தொடத்தான் கை வரவில்லை.

காரணம், பயிற்சிப் புத்தகத்தின் முப்பத்தேழாவது கணக்கு. ஓர் எண் பூஜ்யத்தில் தொடங்கி, ஒவ்வொன்றாகக் கூடி, ஐந்தையும் சேர்த்து ஐந்து வரை போகும். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு நட்சத்திரம் அச்சாகும். மொத்தம் எத்தனை? அவளுக்கு ஆறு வந்தது. பின்பக்க விடையில் ஐந்து. அழித்துவிட்டுப் போட்டாள், ஆறு. பஸ்ஸில் விரல்விட்டுப் பார்த்தாள், அப்போதும் ஆறு. அச்சில் வந்தது தப்பாக இருக்குமா? தன் மண்டைதான் மக்கு. இந்தச் சின்னக் கணக்கே பிடிபடாதவள் அங்கே போய் என்ன கிழிக்கப்போகிறாள்?

நூல் இரண்டு முறை அறுந்தது. எழுந்து தண்ணீர் குடித்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

"என்ன காலேஜ், ஸ்டூல்ல முள்ளு ஏதாவது இருக்கா?" என்றான் இஸ்திரி போடுகிறவன். "சீக்கிரம் காஜா எடுத்துக் குடு. பெட்டி சும்மா காயுது."

சட்டையின் முன்பட்டியில் டேப்பை வைத்து, உதடு அசைய எண்ணிக்கொண்டே சாக்பீஸால் குறி போட்டாள். குறி போட்ட இடத்திலெல்லாம் பட்டன் நுழையத் துளை வெட்டி, ஓரம் தைத்துக் காஜா எடுத்தாள்.

சட்டையை வாங்கிய கட்டிங் மாஸ்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"ஏம்மா, அஞ்சு பட்டனுக்கு ஆறு காஜா எடுத்திருக்கே. ஆறாவது எதுக்கு, காத்து வரவா?"

"அஞ்சு வரைக்கும்தான் மாஸ்டர் எண்ணினேன்."

"எங்கே, எண்ணிக் காட்டு."

ஒவ்வொரு காஜாவாகத் தொட்டாள். "பூஜ்யம், ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு."

"பூஜ்யமா!" இஸ்திரிக்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "மாஸ்டர், இவளைப் படிக்க அனுப்பினா ஊரே தாங்காது!"

அவள் சிரிக்கவில்லை. விரல் கடைசிக் காஜாவிலேயே நின்றது. பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை. ஆறு.

பையிலிருந்து புத்தகத்தை இழுத்து, விடைப் பக்கத்தில் அந்த ஐந்தின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு ஐம்பது. போனை எடுத்து, யோசிப்பதற்குள் தொட்டுவிட்டாள்.

"இங்கே சட்டை பாழாப் போச்சு, நீ போனை நோண்டுறே. இந்த ஓட்டையை யாரு அடைக்கிறது?"

"நாந்தான் மாஸ்டர். ஒரு நிமிஷம்."

திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அது நிற்கும்வரை அவளும் நின்றபடியே இருந்தாள். 'பெற்றுக்கொண்டோம்' என்று வந்த பிறகுதான் ஊசியைத் தேடினாள்.